முதிரை மேசை, ஒன்று

குலசேகரம் அண்ணை மொன்றியலில இருந்து அனுப்பின
சாமான் பட்டியலில அது ஏழாவது.
"முதிரை மேசை, ஒன்று. நல்ல நிலையில்."
பக்கத்தில ஒரு படம், நாலு வருசத்துக்கு முந்தினது:
லேஸ் வைச்ச வெள்ளை விரிப்பு,
அதுக்கு மேல ஒரு பூச்சாடி.

வெள்ளிக்கிழமை திறப்புக் குடுக்கவேணும்.
ரெண்டு மாச முற்பணம் அந்தாளின்ர கையில.

விரிப்பை எடுத்தம்.
கல்வியங்காட்டில நாங்கள் குடியிருந்ததுக்கு
சாட்சி முழுக்க அதில கிடந்தது.

"இந்த வட்டம் உம்மட தேத்தண்ணி" எண்டாள் தர்சிகா.
"சோதினைப் பேப்பர் திருத்தேக்க வைச்சது."
அப்ப அந்த மற்ற வட்டம்?
"அது சின்னக் கோப்பை. அது என்ர."
நுளம்புத்திரி சுட்ட பழுப்புப் புள்ளியை
ரெண்டு பேருமாப் பங்கு போட்டம்.

வெள்ளை மேலோட்டமானது.
சூடு ஈரத்தைப் பொலிஷுக்குள்ள பூட்டி வைச்சிருக்கும், அவ்வளவுதான்.
திருநீறையும் தேங்காயெண்ணெயையும் குழைச்சு
ரேகை ஓடுற பக்கமாத் தேய்ச்சா விடும்.
விட்டது.
சாமித்தட்டில இருந்து எடுத்ததெண்டு
நெத்தியில கொஞ்சம் பூசிப்போட்டுத்தான்
மேசையில கை வைச்சாள்.

கிணத்துத் தண்ணியால துடைச்சது பிழை.
காய, மேசை முழுக்கச் சுண்ணாம்பு பூத்தது.
குடிக்க வாங்கின போத்தல் தண்ணியால
திரும்பவும் துடைச்சம்.

கறுப்புத்தான் கரைச்சல்.
நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம்,
தாச்சி அடியின்ர அளவு.
இரும்பும் ஈரமும் சேர்ந்து மரத்துக்குள்ளயே இறங்கின இடம்.
அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைச்சதில்லை.
நான் அவளெண்டு நினைச்சன். அவள் நானெண்டு.
நாலு வருசமா ஒருத்தரை ஒருத்தர் மன்னிச்சுக்கொண்டு
அதுக்கு மேல சோறு போட்டுத் தின்றிருக்கிறம்.

ஆறு தேசிக்காய்.
கஸ்தூரியார் வீதியில வாங்கின ஸ்டீல் வூல், ரெண்டு சுருள்.
பின்னேரம் மூண்டு மணிக்குக் கறுப்பு இல்லை.
கறுப்பு இருந்த இடத்தில
பிளாஸ்டர் கழட்டின தோல் மாதிரி
ஒரு வெளிறல்.
கழுவின இடமே இப்ப கறையா நிண்டது.

"சாயத்தைப் பூசுவம்" எண்டன்.
மூண்டு கரண்டி தேயிலை, கடும் கொதி,
ஆற வைச்சு, துணியில தோய்ச்சு.
முதல் தடவை தேன் நிறம். வடிவா இருந்தது.
அவள் கை கழுவப் போனாள்.
வரேக்க அது சாம்பல்.
பார்த்துக்கொண்டிருக்க, கறுப்பு.
முந்தினதை விடப் பெருசு.

ஸ்டீல் வூலின்ர தூள் மரத்துக்குள்ள இருந்திருக்கு.
இரும்பும் தேயிலையும் சந்திச்சா மை.
பள்ளிக்கூடத்தில வருசா வருசம்
பத்தாம் வகுப்புக்கு நான் படிப்பிக்கிற விசயம்.

அவள் ஒண்டும் சொல்லேல்லை.
ஃபோனை எடுத்து
குலசேகரம் அண்ணையின்ர படத்தை
ரெண்டு விரலால விரிச்சாள்.
இன்னும் விரிச்சாள்.
பூச்சாடிக்குக் கீழ, லேஸின்ர ஓட்டைகளுக்குள்ளால,
கறுப்பு.

"நாங்கள் வர முதலே."
"ஓம்."
"அப்ப நான் உம்மை எதுக்கு மன்னிச்சனான்?"

எனக்கும் மறுமொழி இல்லை.
அவ்வளவு மன்னிப்பையும் இனி ஆரிட்டக் குடுக்கிறது?
கழுவாத கோப்பையள், தவறவிட்ட ஒரு கலியாணவீடு,
அவளின்ர தம்பிக்கு நான் சொன்ன ஒரு சொல்லு,
இதுகளுக்குப் பிரிச்சுப் போடலாம் எண்டு நினைக்கிறன்.
மிஞ்சவும் கூடும்.

விரிப்பைத் தோய்ச்சு, ஈரம் காய முதல் இஸ்திரி போட்டு
விரிச்சம்.
பூச்சாடியை வைச்சு, லைற்றைப் போட்டு,
படம் எடுத்து அனுப்பினம்.
"முதிரை மேசை, ஒன்று. நல்ல நிலையில்."

மொன்றியலில விடியிற நேரம்.
ரெண்டு நீலச் சரி விழுந்தது.
கனநேரம் எழுதிக்கொண்டிருந்தார், நிப்பாட்டினார்,
திரும்ப எழுதினார்:

"வடிவாயிருக்கு, தம்பி.
பூச்சாடியை இன்னும் கொஞ்சம்
வலப்பக்கம் தள்ளி விடுங்கோ."